சேலா எத்தனை அதிகாரங்களில்? வேதாகம மென்பொருளில் அதிகாரங்களை எண்ணும் முறை

சில வருடங்களுக்கு முன் ஒரு வாலிபர் கூடுகையில் வேத வினாடி வினா நடத்தினேன். "சேலா என்ற சொல் எத்தனை சங்கீதங்களில் வருகிறது?" என்று ஒரு கேள்வி. சங்கீதங்களில் அடிக்கடி வரும், பொருள் உறுதியாகத் தெரியாத எபிரெயச் சொல் அது. என் கையிலிருந்த அட்டையில் விடை 71. ஓர் அணி 39 என்றது. தவறு என்று சொல்லி மதிப்பெண்ணை அடுத்த அணிக்குக் கொடுத்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பென்சில் குறிகள் நிறைந்த தன் வேதாகமத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, உங்க கம்ப்யூட்டர் சொல்லை எண்ணியிருக்கு. சங்கீதத்தை எண்ணல" என்றார். மூன்றாம் சங்கீதத்தைத் திறந்து 2, 4, 8 ஆகிய மூன்று வசனங்களையும் காட்டினார். மூன்று சேலா, ஆனால் ஒரே சங்கீதம். அவர் சொன்னதுதான் சரி.

அன்றிலிருந்து மென்பொருள் தரும் எண்ணை அப்படியே எடுத்து எழுதுவதில்லை. அதிகாரக் கணக்குக்கு நான் இப்போது பின்பற்றும் முறையை, அதே சேலாவை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். விடை முன்கூட்டியே தெரிந்த சொல் என்பதால், உங்கள் மென்பொருள் எங்கே சறுக்குகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

தேடல் சொல்லும் எண் எதை எண்ணியது?

தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டியதும் ஓரத்தில் ஓர் எண் வரும். இ-ஸ்வார்ட், தி வேர்ட், லோகோஸ், ஆண்ட்பைபிள், எதுவானாலும் அந்த எண் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: அந்தச் சொல் எத்தனை தடவை வந்தது என்ற கணக்கு, அல்லது அது வரும் வசனங்கள் எத்தனை என்ற கணக்கு. அதிகாரக் கணக்கை எந்த மென்பொருளும் தானாக முன்னால் வைப்பதில்லை. வேதாகம மென்பொருளின் அடிப்படை அலகு வசனம். அதிகாரம் என்பது வசன எண்ணுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் இன்னொரு எண் மட்டுமே.

சேலாவில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். சங்கீதங்களில் 71 தடவை, ஆபகூக் 3-ஆம் அதிகாரத்தில் 3 தடவை, மொத்தம் 74. ஒவ்வொன்றும் தனித்தனி வசனத்தில் இருப்பதால் வசனக் கணக்கும் 74. அதிகாரக் கணக்கோ 39 சங்கீதங்களும் ஆபகூக் 3-உம் சேர்ந்து 40. சொல் கணக்கும் வசனக் கணக்கும் ஒன்றாக இருப்பதுதான் இதில் ஏமாற்று. இரண்டும் பொருந்துகிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று மனம் சமாதானமாகிவிடும். நான் அப்படித்தான் விழுந்தேன்.

முதலில் மாட்யூலைச் சோதியுங்கள்

எண்ணத் தொடங்குமுன் உங்கள் வேதாகம மாட்யூலில், அதாவது மென்பொருளில் ஏற்றியிருக்கும் மொழிபெயர்ப்புக் கோப்பில், எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். கைப்பேசியில் ஆண்ட்பைபிள் பயன்படுத்துபவர்கள் முதல் தேடலுக்கு முன் அந்த மொழிபெயர்ப்புக்கான தேடல் அட்டவணையை உருவாக்கிக்கொள்ள வேண்டும். செயலியே கேட்கும், ஒரு தடவை செய்தால் போதும்.

அப்புறம் சங்கீதத் தலைப்புகள். "தாவீதின் சங்கீதம்", "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட" போன்ற மேல்வரிகள் சில மாட்யூல்களில் முதல் வசனத்தோடு ஒட்டியிருக்கும். சிலவற்றில் தனி 0-ஆம் வசனமாக இருக்கும். சிலவற்றில் திரையில் மட்டும் தெரியும், தேடலுக்கு அகப்படாது. வேறு சிலவற்றில் அறவே இருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. பழைய திருப்புதல் என்ற தமிழ் மொழிபெயர்ப்பில் "ஆரோகண" என்று தேடுங்கள். 120 முதல் 134 வரை 15 சங்கீதங்கள் வந்தால் தலைப்புகள் தேடலில் இருக்கின்றன. ஒன்றுமே வராவிட்டால், தலைப்பைச் சார்ந்த எந்தக் கணக்கையும் அந்த மாட்யூலில் செய்ய வேண்டாம்.

அடிக்குறிப்புகளிலும் இதே சிக்கல். என்ஐவி என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் 2011 பதிப்பில் சேலாவை வசனத்திலிருந்து எடுத்து அடிக்குறிப்பில் போட்டுவிட்டார்கள். வசனத்தில் மட்டும் தேடினால் பூஜ்யம் வரும். அடிக்குறிப்பையும் சேர்த்துத் தேடினால் இன்னொரு வேடிக்கை: மூன்றாம் சங்கீதத்தில் ஒரே அடிக்குறிப்பு, "இங்கேயும் 4, 8 வசனங்களின் முடிவிலும்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அங்கே மூன்று சேலாவுக்கு ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். பழைய பதிப்பை வைத்து எண்ணியவரும் புதிய பதிப்பை வைத்து எண்ணியவரும் ஒரே பெயருள்ள மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடலாம்.

தமிழில் தேடும்போது

ஆங்கிலத் தேடலுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் நமக்குப் பாதி தூரம்தான் உதவும். நம் சொற்கள் வேற்றுமை உருபை ஒட்டிக்கொண்டு நீள்கின்றன. "தேவன்" என்று தட்டினால் தேவனை, தேவனுடைய, தேவனாகிய எல்லாம் விட்டுப்போகும். காரணம், புள்ளி. யூனிகோடில் "ன்" என்பது ன என்ற எழுத்தும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். "னை" என்பது ன-வும் ஐகாரக் குறியும். ஆகவே புள்ளியை விட்டுவிட்டு "தேவன" என்று நிறுத்துங்கள். தேவன், தேவனை, தேவனுக்கு எல்லாமே வலையில் விழும். இன்னும் ஓரெழுத்துக் குறைத்து "தேவ" என்று போட்டுவிடாதீர்கள். தேவை, தேவாலயம் எல்லாம் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும். சொல்லை எங்கே வெட்டுவது என்பது தமிழ்த் தேடலில் பாதி வேலை. உருபு மாறும்போது மாறாமல் நிற்கும் கடைசி மெய், அதன் புள்ளி இல்லாமல்: பெரும்பாலும் இதுவே சரியான இடம். தாவீது, தாவீதின், தாவீதுக்கு மூன்றுக்கும் "தாவீத" போதும். ஆனால் இரக்கம், இரக்கத்தை போன்ற மகர ஈற்றுச் சொற்களில் "இரக்க" என்று வெட்ட வேண்டியிருக்கும், அப்போது இரக்கப்பட்டான் என்ற வினையும் உள்ளே வரும். அதைக் கையால்தான் களைய வேண்டும்.

இதற்கெல்லாம் "சொல்லின் பகுதி" என்ற வகைத் தேடல் இயங்க வேண்டும். "முழுச் சொல் மட்டும்" என்ற தெரிவைத் தமிழுக்கு நான் தொடுவதே இல்லை. கொம்பையும் காலையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணாமல், அவற்றைச் சொல்லின் எல்லையாக நினைக்கும் மென்பொருள்கள் உண்டு.

எழுத்துக்கூட்டலிலும் கண்ணுக்குத் தெரியாத இரட்டை வேடங்கள். "கொ" என்பதை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம்; திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் வேறு வேறு. "ஔ" என்ற எழுத்துக்கு "ஒள" என்று இரண்டு எழுத்தாகத் தட்டிய பழைய கோப்புகளும் நிறைய. சந்தேகம் வந்தால் தேடும் சொல்லைத் தட்டாமல், மாட்யூலின் வசனத்திலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். சொல்லின் தொடக்கத்திலும் இதே எச்சரிக்கை உதவும்: "இராகத்தலைவன்", "ராகத்தலைவன்" இரண்டையும் பிடிக்க முதல் இகரத்தை விட்டு "ராகத்தலைவன" என்று தேடினால் போதும்.

சரி, இப்போது "சேலா". முழு வேதாகமத்திலும் தேடினால் 74-க்கு மேல் வரும், பயப்பட வேண்டாம். ஆதியாகமம் 38-இல் யூதாவின் மூன்றாம் மகன் பெயர் தமிழில் சேலா. அவன் வம்ச வரலாறுகளிலும் தலைகாட்டுவான். ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் இந்த மகனின் எழுத்துக்கூட்டல் வேறு என்பதால் அவன் வரமாட்டான். ஆனால் 2 இராஜாக்கள் 14:7-இல் ஓர் ஊரின் பெயர் அதே எழுத்துகளில் வந்து 75 விடை, 41 அதிகாரம் என்று ஆக்கிவிடும். வழி இரண்டு. தேடல் எல்லையைச் சங்கீதம், ஆபகூக் என்று சுருக்கலாம். அல்லது ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் ஓர் எண் தரும் ஸ்ட்ராங்ஸ் எண் இணைத்த கிங் ஜேம்ஸ் மாட்யூலில், எபிரெயச் சொல் எண் 5542-ஐத் தேடலாம். எண்ணால் தேடும்போது மகனும் ஊரும் ஒதுங்கிக்கொள்வார்கள். பெயர்களுக்கு வேறு எண்.

பட்டியலை எக்செலுக்குக் கொண்டுபோதல்

லோகோஸ் வைத்திருப்பவர்கள் தேடல் முடிவின் பகுப்பாய்வுக் காட்சியில் விடைகளைக் குழுவாகப் பிரித்துப் பார்க்கலாம். அக்கார்டன்ஸில் தேடலின் எல்லையை வசனத்திலிருந்து அதிகாரத்துக்கு மாற்றும் வசதி இருக்கிறது. இரண்டும் நல்லவை, ஆனால் எல்லோரிடமும் இருக்காது. இலவச மென்பொருளோ கைப்பேசிச் செயலியோ வைத்திருப்பவர்களுக்கும் பொருந்துவது எக்செல் அல்லது அதைப்போன்ற ஒரு விரிதாள் வழி. நான் இதையே விரும்புகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் கண் முன்னால் இருக்கும்.

1. தேடல் முடிவை நகலெடுங்கள். வசன வாசகம் வேண்டாம், "சங்கீதம் 3:2" போன்ற குறிப்பு மட்டும் போதும். வரிக்கு ஒரு வசனம் என்ற அமைப்பு அவசியம். "சங்கீதம் 3:2, 4, 8" என்று சுருக்கித் தரும் மென்பொருளில் அந்தச் சுருக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

2. விரிதாளில் நெடுவரிசையை "டெக்ஸ்ட்" வகைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இதை மறந்து வெறும் 3:2 என்று ஒட்டினால் எக்செல் அதை அதிகாலை 3 மணி 2 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். சிரிப்பாக இருக்கும், ஒரு மணி நேர வேலை வீணாகும்வரை.

3. "டெக்ஸ்ட் டு காலம்ஸ்" கட்டளையில் பிரிக்கும் குறியாக முக்காற்புள்ளியை, அதாவது : குறியைக் கொடுங்கள். இடைவெளியைக் கொடுக்காதீர்கள்; "1 நாளாகமம் 16:34" மூன்று துண்டாகிவிடும். முக்காற்புள்ளியில் வெட்டினால் இடப்பக்கம் "சங்கீதம் 3" என்று முழு அதிகாரப் பெயர் நிற்கும். நமக்கு வேண்டியது அது.

4. வலப்பக்க நெடுவரிசையை அழித்துவிட்டு, இடப்பக்கத்தில் "ரிமூவ் டூப்ளிகேட்ஸ்" அழுத்துங்கள். 34 நீக்கப்பட்டன, 40 தனி மதிப்புகள் மீந்தன என்று செய்தி வரும். அந்த 40-தான் விடை.

எண் 40 வராவிட்டால் எது விடுபட்டது என்று பாருங்கள். சேலா வரும் சங்கீதங்கள் இவை: 3, 4, 7, 9, 20, 21, 24, 32, 39, 44, 46 முதல் 50 வரை, 52, 54, 55, 57, 59 முதல் 62 வரை, 66 முதல் 68 வரை, 75 முதல் 77 வரை, 81 முதல் 85 வரை, 87 முதல் 89 வரை, 140, 143. அதிகமாக வருவது 89-இல், நான்கு தடவை.

இந்தப் பட்டியலைச் சும்மா எண்ணி மூடிவிடாதீர்கள். சங்கீதப் புத்தகம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது: 1–41, 42–72, 73–89, 90–106, 107–150. சேலா உள்ள சங்கீதங்களை இந்தப் பகுதிகளில் போட்டுப் பார்த்தால் 9, 17, 11, 0, 2 என்று வரும். 89-க்கு அப்புறம் 140 வரை ஐம்பது சங்கீதங்கள் மௌனம். 74 என்ற மொத்தக் கணக்கு இதைக் காட்டவே காட்டாது. அதிகாரம் அதிகாரமாக எண்ணினால்தான் கண்ணில் படும்.

இரண்டு சொற்கள் ஒரே அதிகாரத்தில்

இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேடினால் மென்பொருள் ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். தலைப்பில் ஒன்றும் எட்டாம் வசனத்தில் ஒன்றும் இருந்தால் விட்டுவிடும். அதிகார எல்லைத் தேடல் இல்லாதவர்கள் இரண்டு தேடல் செய்து, மேலே சொன்னபடி இரண்டு அதிகாரப் பட்டியல்களை உருவாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கவுண்ட்இஃப்" வாய்பாட்டால் முதல் பட்டியலின் ஒவ்வொரு பெயரும் இரண்டாவதில் இருக்கிறதா என்று கேட்கலாம். 1 வந்த வரிகளை எண்ணினால் முடிந்தது.

இராகத்தலைவன் தலைப்பும் சேலாவும் உள்ள சங்கீதங்கள் எத்தனை? 39-இல் 31 என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். செய்து பார்த்தால் 28-தான் வருகிறது. சேலா இருந்தும் இராகத்தலைவன் இல்லாதவை 3, 7, 24, 32, 48, 50, 82, 83, 87, 89, 143 என்ற பதினொன்று. வேதாகமத்தைத் திறந்து பதினொரு தலைப்புகளையும் படித்துவிடலாம், ஐந்து நிமிடம் ஆகாது. தேடலைச் சங்கீதத்தோடு நிறுத்தாவிட்டால் 29 வரும். ஆபகூக் 3-இல் சேலாவும் உண்டு, கடைசி வசனத்தில் இராகத்தலைவனும் உண்டு.

தலைப்புக்கும் உள்வசனத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே மறக்கக் கூடாது. தலைப்பில் தாவீதின் பெயர் உள்ள சங்கீதங்கள் 73. ஆனால் சங்கீதப் புத்தகத்தில் தாவீது என்று தேடினால் தலைப்பில் அவர் பெயர் இல்லாத 72, 78, 89, 132 ஆகியவையும் உள்வசனங்களால் வந்து சேரும்.

முழு வேதாகமத்தின் அதிகாரங்கள்

66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள், பழைய ஏற்பாட்டில் 929, புதியதில் 260. இதைத் தெரிந்துகொள்ள மென்பொருளே வேண்டாம், அச்சு வேதாகமத்தின் முன்பக்க அட்டவணையைக் கூட்டினால் போதும். ஆனால் எண்ணும் தந்திரம் தெரிந்தால் அட்டவணையில் இல்லாத கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

தந்திரம் எளியது. ஒவ்வோர் அதிகாரத்துக்கும் முதல் வசனம் ஒன்றுதான் இருக்க முடியும். ஆகவே முதல் வசனங்களை எண்ணினால் அதிகாரங்களை எண்ணியதாகும். முழு வேதாகமத்தையும் வரிக்கு ஒரு வசனமாகக் குறிப்போடு ஒரு கோப்பில் இறக்கி, நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற ஓர் உரைத்திருத்தியில் :1 என்று தேடுங்கள். அப்படியே தேடினால் 10 முதல் 19 வரையும், 119-ஆம் சங்கீதத்தின் 100 முதல் 176 வரையுள்ள வசனங்களும் சேர்ந்து வரும். ஒன்றுக்குப் பின் ஓர் இடைவெளியைச் சேர்த்துத் தேடுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வடிவத் தேடல் பழக்கமென்றால் :1(?![0-9]) என்பது இன்னும் பத்திரம்.

பழைய திருப்புதலோ கிங் ஜேம்ஸோ, விடை 1189. இனி எண்ணை மாற்றிப் பாருங்கள். மூன்றாம் வசனங்கள் 1188. 117-ஆம் சங்கீதத்துக்கு இரண்டே வசனம். நான்காம் வசனங்கள் 1184. எஸ்தர் 10, சங்கீதம் 131, 133, 134 மூன்றோடு நின்றுவிடுகின்றன. 89-ஆம் வசனம் இரண்டே இடத்தில், எண்ணாகமம் 7-இலும் சங்கீதம் 119-இலும். 90-க்கு மேல் 119 மட்டும். வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது ஒரு சுரங்கம்.

1189 வராதபோது

கூடுதலாக வந்தால் முதலில் ஒபதியா, பிலேமோன், 2 யோவான், 3 யோவான், யூதா ஆகிய ஓரதிகாரப் புத்தகங்களைப் பாருங்கள். சில மென்பொருள்கள் "யூதா 1:5" என்று எழுதாமல் "யூதா 5" என்று எழுதும். முக்காற்புள்ளியில் வெட்டும் முறையில் அப்போது ஒவ்வொரு வசனமும் ஓர் அதிகாரமாகிவிடும். முதல் வசன முறையிலோ அந்த ஐந்தும் காணாமல்போய் 1184 வரும்; அது நான்காம் வசனக் கணக்கோடு தற்செயலாக ஒத்துப்போவதால் குழம்ப வேண்டாம்.

ஒன்று குறைந்து 1188 வந்தால் யோவான் 8. ஆர்எஸ்வி என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் 1946 புதிய ஏற்பாட்டில் யோவான் 7:53 முதல் 8:11 வரையுள்ள பகுதி அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. வாசகத்தில் எட்டாம் அதிகாரம் 12-ஆம் வசனத்தில் தொடங்குகிறது, முதல் வசனமே இல்லை. 1971 பதிப்பில் திரும்பச் சேர்த்தார்கள்.

எபிரெய வேதாகமத்தில் யோவேலுக்கு 4 அதிகாரம், மல்கியாவுக்கு 3. நம் வேதாகமத்தில் யோவேல் 3, மல்கியா 4. ஒன்று கூடி ஒன்று குறைவதால் மொத்தம் இரண்டிலும் 929. இஸ்ரேலில் நாளுக்கோர் அதிகாரம் படிக்கும் திட்டம் ஒன்றுக்கு அந்த எண்ணையே பெயராக வைத்திருக்கிறார்கள். மொத்தம் பொருந்தியதாலேயே உள்ளே எல்லாம் பொருந்துகிறது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள். சிலர் 1334 அதிகாரம் என்பார்கள், சிலர் 1328 என்பார்கள். இடையிலுள்ள ஆறு எஸ்தரின் கிரேக்கச் சேர்க்கைகளிலிருந்து வருகிறது: வல்கத்தா என்ற பழைய லத்தீன் மொழிபெயர்ப்பின் வழியில் எஸ்தருக்கு 16 அதிகாரம்; சேர்க்கைகளைப் பத்து அதிகாரங்களுக்குள்ளேயே வைக்கும் பதிப்புகளில் 10. இரண்டு எண்ணும் சரி, எந்தப் பதிப்பு என்று சொன்னால்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தி வேர்ட் மென்பொருளின் முழு வேதாகமக் கோப்பு சாதாரண உரைக்கோப்புதான். அதில் வசனத்துக்கு ஒரு வரியாக 31,102 வரிகள், கிங் ஜேம்ஸின் அமைப்புப்படி. எந்த வரி எந்த வசனம் என்பதை மென்பொருளே வரிசையால் முடிவு செய்கிறது. ஆகவே வேறு அமைப்புள்ள மொழிபெயர்ப்பையும் இந்தச் சட்டகத்துக்குள் மடித்துத்தான் வைக்க வேண்டும். அங்கே அதிகாரத்தை எண்ணினால் நீங்கள் எண்ணுவது அந்த மொழிபெயர்ப்பை அல்ல, சட்டகத்தை. ஸ்வார்ட் (இ-ஸ்வார்ட் அல்ல, வேறொன்று) வகை மாட்யூல்களில் வெவ்வேறு வசன அமைப்புகளுக்கு இடமுண்டு என்பதால், எபிரெய அல்லது கத்தோலிக்க அமைப்பை எண்ண வேண்டுமென்றால் அந்த வகையைப் படிக்கும் பைபிள்டைம், சிஃபாஸ், ஆண்ட்பைபிள் பக்கம் போவது நல்லது.

என் அட்டையில் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. இப்போது அதன் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சங்கீதங்கள் 39. தடவை 71. ஆபகூக் சேர்த்தால் 40, 74. பழைய திருப்புதல்." அந்த ஆசிரியரின் பென்சில் குறிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது.